ஜாபர் லைன் மீன்கள்

சிங்காநல்லூருக்குக் கிழக்கே, மூடிப்போன ஒரு மில்லின் பின்புறம், ஒரே கூரையும் ஒன்றோடொன்று ஒட்டிய சுவர்களுமாக ரயில் போல நீண்டு கிடக்கும் ஜாபர் லைனின் முதல் வீட்டில், டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற கிட்டுசாமி குடியிருந்தார்; அவர் தன் ஆயுளில் முக்கால்வாசியை இன்ஜின் இரைச்சலுக்கும் ஹாரனுக்கும் சில்லறைச் சண்டைக்கும் நடுவில் நின்றபடியே கழித்தவர் என்பதால், வேலையை விட்ட மறுநாள் காலையில் கண் விழித்ததும், இனி மிச்சமிருக்கும் நாட்களுக்குச் சத்தமே போடாத ஏதாவது ஒன்றின் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

"மீனு வளக்கலாம்னு இருக்கறேன்" என்றார் மனைவியிடம்.

"வளங்க. ஒரு பாட்டில்ல ரெண்டு விட்டு வெச்சா ஆச்சு" என்றாள் விசாலாட்சி.

"பாட்டில் இல்ல விசாலு. தொட்டி. ஒரு ஆளு கால நீட்டிப் படுக்கற நீளத்துக்கு."

விசாலாட்சி அந்த வீட்டின் ஒரே கூடத்தை ஒரு தடவை பார்த்தாள். "அப்ப நாம எங்க படுக்கறதுங்க?" என்று கேட்டாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகும் அவருக்குக் காதுக்குள் ஒரு ரீங்காரம் ஓயாமல் ஓடிக்கொண்டிருப்பதும், சாப்பிடும்போதுகூட அவர் சத்தம் போட்டே பேசுவதும் அவளுக்குத் தெரியும்.

உக்கடத்தில் மீன் கடை வைத்திருந்த ஜக்கரியா பாய், இவ்வளவு பெரிய தொட்டியோடு மீன் வளர்க்கத் தொடங்குகிறவரை அதிகம் பார்த்ததில்லை என்றாலும், சின்னத் தொட்டியைவிடப் பெரிய தொட்டியில்தான் மீன் பிழைக்கும் என்று சொல்லித் தைரியம் கொடுத்தார். கண்ணாடி வெட்டி ஒட்டும் பட்டறைக்கு அவரே சொல்லியனுப்பினார். தொட்டி வந்து சேர்ந்த அன்று, அது வாசல் வழியாக நுழையாது என்பது தெரிந்ததும், லைன் ஆட்கள் கூடி ஜன்னல் கம்பியைக் கழற்றி, பிரசவ வார்டிலிருந்து பிள்ளையை வாங்குவது போலக் கைக்குக் கை மாற்றி உள்ளே இறக்கினார்கள். இரும்பு ஸ்டாண்டின் மேல் தெர்மாகோல் விரித்து அதன் மேல் தொட்டியை வைத்தார்கள். எந்தச் சுவரை ஒட்டி வைப்பது என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது. மேற்குச் சுவரில் வெயில் விழும். வெயில் விழுந்தால் பாசி கட்டும். தெற்கில் வாசல், வடக்கில் சமையலறை. மீதம் இருந்தது கிழக்குச் சுவர் ஒன்றுதான்.

"அந்தச் செவுத்துலயா?" என்று விசாலாட்சி தாழ்ந்த குரலில் கேட்டாள்.

அந்தச் சுவருக்கு அப்பால் இருந்தது கிட்டுசாமியின் சொந்த அண்ணன் வெள்ளிங்கிரியின் வீடு. மில்லில் தறி ஆட்களை மேற்பார்க்கும் ஜாபராக இருந்தவர், மில்லை மூடிய பிறகும் முதல் ஷிப்டுக்கு எழுந்துகொள்ளும் பழக்கத்தை விடாதவர், சொன்ன சொல்லை மாற்றாதவர். அவருடைய ஒரே மகள் சுகந்தி, வேலைக்குப் போய்வந்த நாட்களில் கிட்டுசாமியின் பஸ்ஸில்தான் போய்வந்தாள். அதே பஸ்ஸில் டேனியல் என்ற மோட்டார் மெக்கானிக்கும் போய்வந்தான். ஒரு நாள் இருவரும் மேட்டுப்பாளையத்துக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டார்கள். கிட்டுசாமிக்கு அது முன்பே தெரியும் என்பதைக் கேள்விப்பட்ட அன்று வெள்ளிங்கிரி தம்பியிடம் சண்டை போடவில்லை, திட்டவும் இல்லை, பேசுவதை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். தன் வீட்டுச் சுவரில் இருந்த படங்களையெல்லாம் இறக்கி, ஆணிகளைப் பிடுங்கி, ஓட்டைகளைச் சிமெண்டால் அடைத்தார். அதற்குப் பிறகு இரு வீட்டுப் பெண்கள் மட்டும் தண்ணீர் வரும் நாளில் குழாயடியில் இரண்டு வார்த்தை பேசிக்கொள்வார்கள்.

"செவுரு என்ன பாவம் பண்ணுச்சு" என்று சொல்லிக் கிட்டுசாமி தொட்டியை அங்கேயே வைக்கச் சொன்னார்.

விசாலாட்சி மணலை அரிசி களைவது போலக் களைந்து களைந்து, கழுநீர் கண்ணாடியாகத் தெளியும் வரை விடவில்லை. சிறுவாணித் தண்ணீர் வந்த அன்று லைனில் ஆளுக்கொரு குடம் கொண்டுவந்து ஊற்றினார்கள். பம்பு ஓட, குமிழ்கள் எழ, விளக்கு எரிய, தொட்டி வீட்டுக்குள் ஒரு வாய்க்கால் மடக்கி வைத்தது போல நின்றது. ஆனால் மீன் வரவில்லை. ஜக்கரியா பாய் விடமாட்டேன் என்றார்.

"தண்ணி பழுக்கணும் அண்ணே. கண்ணுக்குத் தெரியாத பூச்சியெல்லாம் அதுல குடியேறணும். மீனோட அழுக்க அதுதான் தின்னும். அவசரப்பட்டு விட்டீங்கன்னா அத்தனையும் செத்து மிதக்கும். ஒரு மாசம் சும்மா பாத்துட்டு உக்காருங்க."

கிட்டுசாமி சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். மீனில்லாத தொட்டிக்கு லைட் எதற்கு, பம்பு எதற்கு என்று கேட்டு வந்தவர்களும், கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, எழுந்திருக்க மனமில்லாமல் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார்கள். லைன் சங்கச் செயலாளர் தண்டபாணி வெறும் தண்ணீரைப் பார்க்க மனைவியோடு வந்தார். மூன்றாவது வீட்டில் தையல் மெஷின் போட்டிருந்த மும்தாஜ், துணி வெட்டும் கத்தரியோடு வந்து நின்று பார்த்துவிட்டு, "தண்ணியே இப்படி இருக்குன்னா மீனு வந்தா எப்படியோ" என்று சொல்லிப் போனாள். பழுப்பதற்கான காலம் கழிந்து, ஜக்கரியா பாய் ஒரு சொட்டு மருந்து விட்டுத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துத் தலையசைத்த பிறகு, வெள்ளையில் கருப்புக் கோடு போட்ட ஏஞ்சல்களும், கரி போன்ற மோலிகளும், புலிக்கோடு போட்ட பார்புகளும், உள்ளங்கை அகலத்துக்கு வெண்கல நிறத்தில் ஒரு பெரிய கௌராமியும் பிளாஸ்டிக் பைகளில் வந்தன. பைகளைத் தொட்டியில் மிதக்கவிட்டு, தண்ணீரின் சூடு சமமாகும் வரை காத்திருந்து, கிட்டுசாமி முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். சத்தமே இல்லாமல் அவை இறங்கிப் போயின. அன்று அவர் காதுக்குள் இருந்த ரீங்காரம் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது போலிருந்தது.

அவர் மீன்களுக்கு ஒரு பழக்கம் செய்து வைத்தார். தீனி போடுவதற்கு முன் தன் பழைய கண்டக்டர் விசிலை எடுத்து மெதுவாக ஒரு தடவை ஊதுவார். பஸ் நிற்பதற்கு ஒரு விசில், கிளம்புவதற்கு இரண்டு. ஒரு விசில் கேட்டதும் மீன்கள் மேலே வந்து கூடிவிடும்.

ஆடி மாதம் ஒரு காலையில் கிட்டுசாமி எழுந்து பார்த்தபோது தொட்டியில் ஒரு மீனும் இல்லை. தண்ணீர் குறையவில்லை, மூடி அசையவில்லை, தரையில் ஈரமில்லை. அவர் குனிந்து ஸ்டாண்டுக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தபோது மும்தாஜ் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணா, உங்க மீனு பூராவும் எங்க தையல் மெசின் பக்கத்துச் செவுத்துக்குள்ள நிக்குது. வேல ஓடல, பாத்துட்டே உக்காந்துட்டேன். வந்து என்னன்னு பாருங்க."

கிட்டுசாமி போய்ப் பார்த்தார். சுண்ணாம்புக்குப் பின்னால், மெல்லிய வேட்டிக்கு அடியில் விளக்கைக் காட்டியது போல ஒவ்வொரு மீனின் நிறமும் தெரிந்தது. மோலிகள் ஸ்விட்ச் போர்டைச் சுற்றிக்கொண்டிருந்தன. ஏஞ்சல்கள் காலண்டருக்கு அடியில் போய் மறுபக்கம் வந்தன. கௌராமி தையல் மெஷினின் உயரத்தில் ஓரிடத்தில் நின்று வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. அவர் சுவரில் கை வைத்தார். சுவர் குளிர்ச்சியாகவும் உலர்ந்தும் இருந்தது.

"எப்ப வந்துச்சு?" என்று கேட்டார்.

"பால் காச்சையில பாத்தேன். அதுக்கு முந்தி எப்ப வந்துச்சோ."

கையைத் தட்டிப் பார்த்தார், விரலால் வழிகாட்டிப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து ஒரு தடவை ஊதினார். எல்லா மீன்களும் ஒன்றாகத் திரும்பி, வரிசை கலையாமல் மேற்கு நோக்கிப் புறப்பட்டன. அவர் அண்ணன் வீட்டின் சாத்திய கதவைக் கடந்து தன் வீட்டுக்குள் வந்து சேர்ந்தபோது, அவை தொட்டியில் மேலே கூடித் தீனிக்காக நின்றன.

இப்படித்தான் ஜாபர் லைனில் மீன்கள் சுவருக்குள் போகத் தொடங்கின. தினமும் வெயில் ஏறும்போது கிட்டுசாமியின் இரண்டு விசிலுக்குக் கிளம்பி, ஒட்டிய சுவர் ஒட்டிய சுவராக லைனின் கடைசி வீடு வரை போய், சாயங்கால விசிலுக்குத் திரும்பின. முதல் சில நாட்கள் லைனில் இதைத்தான் பேசினார்கள். பேசிய பிறகு, மழைக்காலத்தில் ஈசல் வருவதைப் போல, இது இந்த லைனில் நடக்கிற ஒன்று என்று வைத்துக்கொண்டு, அதற்கு என்னென்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்யத் தொடங்கினார்கள். ஏன் இப்படி நடந்தது என்று யாரும் அதிகம் கேட்கவில்லை. தண்டபாணி மட்டும், அந்தச் சுவர்களெல்லாம் மில் நாளில் குளத்து மண்ணைக் குழைத்துக் கட்டியவை என்று சொன்னார். சிறுவாணித் தண்ணீரின் குணம் என்று வேறு சிலர் சொன்னார்கள். இரண்டையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு அவரவர் வேலைக்குப் போனார்கள்.

சங்கம் கூடியது. சுவரில் இனி யாரும் ஆணி அடிக்கக் கூடாது, டிரில் போடக் கூடாது என்று முடிவானது. காலண்டர்களும் சாமி படங்களும் மேஜைக்கும் அலமாரிக்கும் இறங்கின. பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிப்பதை என்ன செய்வது என்று நெடுநேரம் பேசி, சாயங்காலம் மீன்கள் தொட்டிக்குத் திரும்பிய பிறகு அடித்து விடிவதற்குள் காயவிடுவது என்றும், மறுநாள் சுவர் காயும் வரை கிட்டுசாமி இரண்டு விசில் ஊதாமல் இருப்பது என்றும் தீர்மானித்தார்கள். வாஷிங் மெஷினைச் சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி வைத்தார்கள். நடுவில் ஒரு வீட்டில் பிரசவித்துப் படுத்திருந்த பெண், கௌராமி தன் தலைமாட்டில் நின்றால்தான் குழந்தை பால் குடிக்கிறது என்றாள். அது உண்மையோ இல்லையோ, அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவரைத் தட்டாமல் இருந்தார்கள். டிவியை உரக்க வைத்தால் மீன்கள் வேகமாகக் கடந்து போய்விடுகின்றன என்பதைக் கண்டுகொண்டு, ஒவ்வொரு வீடாகச் சத்தத்தைக் குறைத்தது. புருஷன் பெண்டாட்டிச் சண்டைகள்கூடத் தாழ்ந்த குரலுக்கு இறங்கின, தாழ்ந்த குரலில் தொடர முடியாமல் சில சண்டைகள் பாதியில் நின்றும் போயின. மீன்கள் தங்காமல் போன ஒரு வீட்டுக்காரர் சுவருக்கு நீலப் பெயிண்ட் அடித்துப் பார்த்தார்; அதற்கும் அவை நிற்கவில்லை; கடைசியில் அவர் சுவரோரம் ஸ்டூல் போட்டுப் பேப்பர் படிக்கத் தொடங்கியதும் வந்து நின்றன. வாரம் ஒரு தடவை தொட்டியிலிருந்து இறக்கிய தண்ணீரை லைன்காரர்கள் கறிவேப்பிலைக்கும் மல்லிகைக்கும் ஊற்ற வாங்கிப் போனார்கள். சாயங்கால விசில் கேட்டால் அடுப்பில் உலை வைப்பார்கள். சுவர் வழியாக மீன்கள் வீட்டுக்கு வீடு கடந்து மேற்கே போவதைப் பார்த்து, "போயிட்டு நாளைக்கு வாங்க" என்று சொல்வது குழந்தைகளுக்குப் பிறகு பெரியவர்களுக்கும் பழக்கமானது.

கிட்டுசாமி லைனிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: யாரும் தீனி போடக் கூடாது. தீனி தொட்டியில் மட்டும். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

இத்தனையிலும் ஒரு வீட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. முதல் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டுக்குப் போக வேண்டுமானால் மீன்கள் இரண்டாவது வீட்டைக் கடந்துதான் ஆக வேண்டும் என்பது லைனில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் வெள்ளிங்கிரியின் கதவு சாத்தியே இருந்தது. சங்கக் கூட்டத்துக்கு அவர் வரவில்லை. அவர் மனைவி ராஜாமணியிடம் விசாலாட்சி குழாயடியில் ஒரு தடவை கேட்டாள்: "உங்க ஊட்டுச் செவுத்துலயும் வருதுங்களாக்கா?"

"வருதும் போகுதும்" என்று சொல்லி ராஜாமணி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

ஐப்பசியில் மீன்களுக்கு நோய் வந்தது. விசிலுக்குத் திரும்பின, மேலே கூடின, ஆனால் போட்ட தீனியை முகர்ந்துவிட்டு விலகிப் போயின. வயிறுகள் உப்பியிருந்தன. தொட்டித் தண்ணீர் கலங்கி ஒரு வாடை அடித்தது. ஒரு காலையில் வெள்ளையில் கருப்புக் கோடு போட்ட ஏஞ்சல்களில் பெரியது பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. கிட்டுசாமி அதை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு, எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கூடத்திலேயே நின்றார். பிறகு கறிவேப்பிலைக்கு அடியில் புதைத்தார். லைனில் அன்று ரேடியோ பாடவில்லை.

ஜக்கரியா பாய் வந்து பார்த்தார். தொட்டியின் அடியில் படிந்திருந்ததைக் குழாய் வைத்து இழுத்து, விரலில் தொட்டு முகர்ந்தார். "இது உங்க தீனி இல்ல அண்ணே. அரிசி, உளுந்து. யாரோ இட்லி போடறாங்க. நெறையப் போடறாங்க" என்றார்.

கிட்டுசாமி வீடு வீடாகப் போய்க் கேட்டார். மும்தாஜ் தன் தலையில் கை வைத்து இல்லை என்றாள். தண்டபாணி வருத்தப்பட்டார், பிறகு அவரும் கூட வந்து கேட்டார். பிள்ளை பெற்ற பெண், நீலச் சுவர்க்காரர், கடைசி வீடு வரை எல்லாரும் இல்லை என்றார்கள். கிட்டுசாமி பஸ்ஸில் டிக்கெட் எடுத்தேன் என்று பொய் சொல்கிறவர்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர் என்பதால், இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. சாயங்காலம் திரும்பி வந்து, விசில் ஊதிவிட்டுத் தொட்டி முன் உட்கார்ந்தார். ஒரு மோலி தலைகீழாக நீந்திக்கொண்டிருந்தது.

"கேக்காத வீடு ஒண்ணு இருக்குதுங்க" என்றாள் விசாலாட்சி.

"எப்படிப் போயிக் கேக்கறது?"

"வாயாலதான் கேக்கோணும். மத்தது எல்லாம் சாகறதுக்குள்ள போயிட்டு வாங்க."

மறுநாள் மத்தியானச் சாப்பாடு முடிந்து லைன் ஓய்ந்திருந்த நேரம். கிட்டுசாமி அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றார். கதவு சாத்தியிருந்தது, தாழ் போட்டிருக்கவில்லை. தள்ளியதும் திறந்துகொண்டது. உள்ளே, ஒரு படமும் ஆணியும் இல்லாத அந்த அகன்ற வெள்ளைச் சுவரின் முன் வெள்ளிங்கிரி இரும்பு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தொட்டியிலிருந்த மீன்கள் அத்தனையும் அவர் முகத்துக்கு நேரே கூடியிருந்தன. மடியில் ஒரு தட்டு, அதில் இட்லி. ஆணி பிடுங்கி அடைத்த ஓட்டைகளில் ஒன்றின் சிமெண்ட் பெயர்க்கப்பட்டிருந்தது. அவர் இட்லியைக் கிள்ளி உருட்டி அந்த ஓட்டைக்குள் வைத்தார். சுவருக்குள் அது மெதுவாக இறங்க, மீன்கள் பாய்ந்து கவ்வின.

அவர் திரும்பவில்லை. "செருப்ப வெளிய கழட்டிட்டு வா" என்றார்.

கிட்டுசாமி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். "அண்ணா, இட்லி போடறத நிறுத்தோணும்."

"பசியோட நிக்குதுங்க. மூஞ்சியப் பாரு."

"அதுங்க மூஞ்சியே அப்படித்தாண்ணா. வயிறு வெடிக்கத் தின்னுபோட்டும் பசிக்குதுன்னுதான் நிக்கும். முந்தாநேத்து ஒண்ணு செத்துப்போச்சு."

"எது?"

"ஏஞ்சலு. வெள்ளையில கருப்புக் கோடு போட்டதுல பெருசு."

வெள்ளிங்கிரியின் கை தட்டிலேயே நின்றது. "அதுதான் நெதமும் மொதல்ல வரும்" என்றார். "ரெண்டு நாளா காணமேன்னு இருந்தேன்."

கிட்டுசாமி தட்டில் மிச்சமிருந்த இட்லியைப் பார்த்தார்.

"போடலீன்னா நிக்கறதில்லடா" என்றார் வெள்ளிங்கிரி, வழக்குப் பேசும் குரலில் இல்லாமல், நடந்ததைச் சொல்கிற குரலில். "வருதுங்க, ஒரு சுத்து சுத்துதுங்க, அக்கட்டால மும்தாஜ் ஊட்டுக்குப் போயிருதுங்க. இங்க என்ன இருக்குது அதுங்களுக்கு. போட்டாத்தான் நிக்குதுங்க."

கிட்டுசாமி தரையில் சுவரோரம் உட்கார்ந்தார். ராஜாமணி இரண்டு டம்ளரில் காப்பி கொண்டுவந்து இருவருக்கும் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"நீதான அவங்களுக்கு டிக்கெட் கிழிச்சுக் குடுத்தது" என்றார் வெள்ளிங்கிரி.

"நாந்தான்."

"பக்கத்துல பக்கத்துலயா உக்காருவாங்க?"

"இல்லீங்ணா. சுகந்தி முன்னாடி லேடீஸ் சீட்டுல. அந்தப் பையன் பின்படிகிட்ட நின்னுட்டு வருவான், சீட்டு காலியா இருந்தாலும் உக்கார மாட்டான். எறங்கற வரைக்கும் ஒரு வார்த்தை பேச மாட்டாங்க."

"அப்பறம் உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

கிட்டுசாமி காப்பியைக் கையில் எடுத்து, குடிக்காமல் வைத்துக்கொண்டார். "அவ சிரிச்சுட்டு வருவாண்ணா. ஜன்னலப் பாத்து, சும்மா. கூட்டம் நெரிக்கும், வெய்யில் அடிக்கும், அவ பாட்டுக்குச் சிரிச்சுட்டு வருவா. ஊட்ல அவ சிரிச்சு நான் பாத்ததில்ல. அதுதான் உங்ககிட்டச் சொல்ல எனக்கு மனசு வரல."

மீன்கள் இட்லி வராததைக் கண்டு சுவரில் அங்கும் இங்குமாக விலகத் தொடங்கின. ஒரு பார்பு கிழக்கே நகர்ந்து போனது. வெள்ளிங்கிரி அதையே பார்த்தார், அது மறையும் வரை பார்த்தார்.

"நான் ஊட்ல இருந்தா சிரிக்க மாட்டா" என்றார்.

பிறகு தட்டை எடுத்துத் தரையில், தனக்கு எட்டாத தூரத்தில் வைத்தார். "எவ்வளவு போடோணும்?" என்று கேட்டார்.

கிட்டுசாமி தன் சுண்டு விரல் நகத்தைக் காட்டினார்.

"ஒவ்வொண்ணுக்குமா?"

"இல்லீங்ணா. அத்தனைக்கும் சேத்து."

வெள்ளிங்கிரி தம்பியின் நகத்தை வாங்கிப் பார்ப்பது போலக் கையைப் பிடித்துப் பார்த்தார்.

அதற்குப் பிறகு சில நாட்கள் மீன்களைப் பட்டினி போட்டார்கள். ஜக்கரியா பாய் சொன்னபடி பச்சைப் பட்டாணியை வேக வைத்து, தோலுரித்து, நசுக்கிக் கொஞ்சமாகக் கொடுத்தார்கள். பட்டாணி உரிப்பது வெள்ளிங்கிரியின் வேலையானது. ஜாபராக இருந்த காலத்தில் நூலறுந்தால் தூரத்திலிருந்தே கண்டுபிடித்த கண், இப்போது எந்த மீனின் வயிறு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தது. சாயங்கால விசில் ஊதும்போது அவர் தம்பி வீட்டுக் கூடத்தில் இருந்தார். அவரை அங்கே பார்த்த லைன்காரர்கள், சுவருக்குள் மீனைப் பார்த்தபோது எப்படி எடுத்துக்கொண்டார்களோ அப்படியே இதையும் எடுத்துக்கொண்டார்கள்; மும்தாஜ் மட்டும் அன்று ராஜாமணிக்கு ரவிக்கை தைத்ததற்குக் கூலி வேண்டாம் என்றாள். மோலி நேராக நீந்தத் தொடங்கியது. தண்ணீர் தெளிந்தது. வெள்ளிங்கிரியின் சுவரில் இப்போது தீனி இல்லை. அவர் கதவைத் திறந்து வைத்துவிட்டு நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார். முதல் இரண்டு நாள் மீன்கள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போயின. மூன்றாம் நாள் ஒரு மோலி நின்றது. ஏன் நின்றது என்று அவர் தம்பியைக் கேட்டார். தெரியாது என்று தம்பி சொன்னார்.

எல்லா மீன்களும் தேறின, கௌராமி ஒன்றைத் தவிர. அதன் வயிறு இறங்க மறுத்தது. ஒரு சாயங்காலம் விசிலுக்கு மற்ற மீன்களெல்லாம் வந்து சேர, அது வரவில்லை. கிட்டுசாமி மறுபடியும் ஊதினார். லைன் முழுவதும் இறங்கித் தேடியது. பீரோக்களை நகர்த்தினார்கள், அரிசி மூட்டைகளை நகர்த்தினார்கள், பரண் சாமான்களை இறக்கினார்கள், கடைசி வீட்டின் கடைசிச் சுவரில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். அதற்கு அப்பால் ரோடு. எங்கும் இல்லை.

"செவுத்துக்குள்ளயே செத்திருந்தா?" என்று வெள்ளிங்கிரி கேட்டார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் கிட்டுசாமி விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"செத்தா நெறம் மங்கித் தெரியும்ணா. எங்கயும் அப்படித் தெரியல" என்றாள் மும்தாஜ்.

மறுநாள் காலை, வெள்ளிங்கிரி வீட்டில் அண்ணனும் தம்பியும் என்ன செய்வதென்று பேசிக்கொண்டிருந்தபோது ராஜாமணியின் போன் அடித்தது. அவள் சமையலறையிலிருந்து வந்து போனை எடுத்துப் பெயரைப் பார்த்தாள். அந்தப் பெயர் அவள் போனில் இருக்கிறது என்பது வெள்ளிங்கிரிக்குத் தெரியாமல் இல்லை; தெரிந்ததாக அவர் காட்டிக்கொண்டதில்லை. ராஜாமணி பச்சைப் பொத்தானை அழுத்தி, போனைக் கணவரின் கையில் வைத்தாள்.

"அம்மா, இங்க எங்க ஊட்டுல" என்று அந்தப் பக்கம் குரல் தொடங்கியது.

"சொல்லு" என்றார் வெள்ளிங்கிரி.

அந்தப் பக்கம் பஸ் போகிற சத்தமும், ஒரு குழந்தை பாத்திரம் தட்டுகிற சத்தமும் கேட்டன.

"அப்பா" என்றாள் சுகந்தி.

"சொல்லு சாமி."

"எங்க சமையக்கட்டுச் செவுத்துக்குள்ள ஒரு மீனு வந்து நிக்குதுப்பா. பித்தளக் கலருல, பெருசு. காத்தால எந்திரிச்சுப் பாத்தேன், நிக்குது. வயிறு உப்பிக் கெடக்குது. வாயத் தொறந்து தொறந்து மூடுது. என்ன கொடுக்கறதுன்னு தெரியல."

கிட்டுசாமி எழுந்துகொண்டார். சிங்காநல்லூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் நடுவில் எத்தனை ஊர், எத்தனை ரோடு, எத்தனை ஒட்டாத சுவர் என்று அவருக்கு ஸ்டாப் ஸ்டாப்பாகத் தெரியும். வெள்ளிங்கிரி அதையெல்லாம் யோசித்ததாகத் தெரியவில்லை. அவர் போனைக் காதோடு அழுத்தி, ஷிப்டில் புது ஆளுக்கு வேலை சொல்லிக்கொடுப்பது போல நிதானமாகப் பேசினார்.

"இன்னைக்கு ஒண்ணும் கொடுக்காத. நாளைக்குப் பச்சப் பட்டாணி ஒண்ணே ஒண்ணு வேக வெச்சு, தோலு உரிச்சு, நசுக்கி வெய்யி. செவுத்துல எங்காச்சும் ஆணி ஓட்ட இருக்கும், அதுல வெய்யி. பாக்கப் பசியோட நிக்கற மாதிரிதான் இருக்கும், ஏமாந்துராத."

"சரிப்பா."

"சத்தம் கித்தம் போடாதீங்க. கொழந்தையப் பாத்திரத்தத் தட்ட வேண்டாம்னு சொல்லு. இல்ல, வேண்டாம், அது தட்டட்டும்."

"சரிப்பா."

"நான் வர்றேன்" என்றார் வெள்ளிங்கிரி.

போனை வைத்துவிட்டு அவர் அலமாரியைத் திறந்து வெளுத்த சட்டை ஒன்றை எடுத்தார். பொத்தான்களை அவர் ஓட்டை மாற்றிப் போட, கிட்டுசாமி கிட்டே போய் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார். போகும் முன் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்று வெள்ளிங்கிரி சமையலறைப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். உள்ளேயிருந்து பதில் வரவில்லை. ராஜாமணி கூடைக்குள் பட்டாணியும் பேரக் குழந்தைக்கு ஒரு பொட்டலமும் வைத்துக்கொண்டு, செருப்பை மாட்டி, முன்பே வாசலில் இறங்கி நின்றிருந்தாள்.